இறங்கும் சந்தையில் புது டவுன்ஹவுஸ்: வாசகர் கேள்வி – பதில்

ரொறன்ரோ பெரும்பாகத்தில் கட்டி முடித்த புது டவுன்ஹவுஸ்கள் (சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள்) பல விற்காமல் நிற்கின்றன. இப்போது வாங்கலாமா, வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது, விலை உச்சத்தில் இருந்தபோதே ஒப்பந்தம் போட்டவர்கள் என்ன செய்வது என்று வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்து எடுத்திருக்கிறோம். சொல்லப்படும் சட்டமும் வரியும் ஒன்ராறியோவுக்கு உரியவை.

கேள்வி: மாதம் 3,200 டொலர் வாடகை வீட்டில் இருக்கிறோம். இரண்டு பிள்ளைகள். பக்கத்தில் ஒரு பில்டர் கட்டி முடித்த டவுன்ஹவுஸை 999,900-இல் இருந்து 850,000-க்கு இறக்கிவிட்டார். எங்களிடம் 170,000 இருக்கிறது. இன்னும் இறங்கும், பொறு என்கிறார் அண்ணா. இப்போது விட்டால் கிடைக்காது என்கிறார் முகவர். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, அஜாக்ஸ்

பதில்: விலை எந்த மாதம் அடியைத் தொடும் என்று இருவருக்கும் தெரியாது. ரொறன்ரோவில் சராசரி வீட்டு விலை 1989-இல் 273,698 டொலர். 1996-இல் அது 198,150 ஆக இறங்கியது. பழைய இடத்துக்குத் திரும்ப 2002 வரை ஆனது. ஆனால் 2017 ஏப்ரலில் 920,791 ஆக இருந்த சராசரி நான்கே மாதத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்து, சில ஆண்டுகளில் உச்சத்தைத் தாண்டியும் போனது. 2022 பெப்ரவரியில் 1.33 மில்லியனைத் தொட்டது, 2025-இல் 1.1 மில்லியனுக்கும் கீழே. மத்திய வங்கி தன் வட்டி வீதத்தை 2023-இல் இருந்த 5-இல் இருந்து 2025 ஒக்ரோபரில் 2.25-க்குக் குறைத்தும் விலை எழவில்லை. ஆகவே "வட்டி இறங்கினால் விலை ஏறும்" என்ற ஒற்றைக் கணக்கை நம்பி வாங்க வேண்டாம்.

உங்களால் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: அந்த வீட்டில் எத்தனை வருடம் இருப்பீர்கள்? தீர்ப்பு அதில்தான் இருக்கிறது. உங்கள் எண்களையே போட்டுப் பார்ப்போம்.

850,000-இல் 170,000 போக 680,000 கடன். 4.25 வீத வட்டி, 25 வருடம் என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 3,670. சொத்து வரி வருடத்துக்கு 6,000, காப்புறுதி 1,500, பொதுப்பாதைக் கட்டணம் மாதம் 200 என்று வைத்தால், கையை விட்டுப் போவது மாதம் ஏறக்குறைய 4,500. இதை 3,200 வாடகையோடு நேராக ஒப்பிடுவது பிழை. தவணைக்குள் முதலும் இருக்கிறது, அது உங்கள் பணம். திரும்பி வராத பணத்தை மட்டும் எடுங்கள்: முதல் வருட வட்டி ஏறத்தாழ 28,300, வரி, காப்புறுதி, கட்டணம் சேர்ந்து 9,900, அந்த 170,000 வங்கியில் கிடந்திருந்தால் 3 வீதத்தில் கிடைத்திருக்கும் 5,100. மொத்தம் 43,300. வாடகை வருடத்துக்கு 38,400. வித்தியாசம் 4,900. இது அவ்வளவு பெரிய தொகை அல்ல. வாடகை ஏற ஏற, கடன் கரையக் கரைய இன்னும் சுருங்கும்.

சுடுவது வாங்கும் செலவும் விற்கும் செலவும். ரொறன்ரோ நகர எல்லைக்கு வெளியே 850,000-க்கு நிலமாற்று வரி 13,475. முதல் வீடு என்றால் அதில் 4,000 வரை கழியும். சட்டத்தரணிக்கும் பதிவுக்கும் 2,500 வையுங்கள். விற்கும்போது தரகு 5 வீதம் என்றால் வரியோடு 48,000. விலை ஏறாமல் இறங்காமல் இதே இடத்தில் நின்றால்கூட, மூன்று வருடத்தில் விற்றால் வாடகைக்கு இருந்தவரைவிட நீங்கள் 78,000-க்கு மேல் பின்னால் நிற்பீர்கள். விலை இன்னும் 10 வீதம் விழுந்தால் அதோடு 85,000 கூடும். ஏழு எட்டு வருடம் இருந்தால் இதே செலவு அத்தனை வருடத்துக்கும் பரவிவிடும். வாடகை ஏற்றமும் உங்கள் பக்கம் வேலை செய்யும்.

எங்கள் தீர்ப்பு இது: பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை வைத்து ஏழு வருடம் இருப்பீர்கள் என்றால், விலை சரியாக இருந்தால், வாங்கலாம். வேலை மாறலாம், ஊர் மாறலாம், பெரிய வீடு தேடலாம் என்ற எண்ணம் ஐந்து வருடத்துக்குள் இருந்தால் வாடகையே நல்லது. இடையில் விலை விழுந்தால் என்ன என்று பயப்படத் தேவையில்லை. தவணையை ஒழுங்காகக் கட்டினால், கடனைப் புதுப்பிக்கும்போது அதே வங்கி பொதுவாகப் புதிய மதிப்பீடு கேட்பதில்லை. வேறு வங்கிக்கு மாறுவதுதான் கடினமாகும். வேலை போய் விற்க நேர்ந்தால்தான் அடி. அதனால் ஆறு மாதச் செலவு, உங்களுக்கு ஏறக்குறைய 40,000, வீட்டுக் கணக்குக்கு வெளியே இருக்க வேண்டும். 170,000 முழுவதையும் டவுன் பேமென்டில் (முற்பணத்தில்) கொட்டினால் நிலமாற்று வரிக்கே கையில் காசு இராது. 15 வீதம் போட்டு மோட்கேஜ் காப்புறுதி (20 வீதத்துக்குக் குறைவாகப் போட்டால் வங்கி கேட்கும் காப்புறுதி) எடுத்தால் கடனில் 2.8 வீதம் பிரீமியமாக ஏறும், அந்தப் பிரீமியத்துக்கு 8 வீத மாகாண வரியைக் குளோசிங் அன்று, அதாவது வீடு உங்கள் பெயருக்கு மாறும் நாளில், காசாகக் கட்ட வேண்டும். ஆனால் குளோசிங் செலவுகளுக்கு முன் 42,500 கையில் நிற்கும். இந்த நிலைமையில் அதுவே பாதுகாப்பு.

பில்டர் 150,000 குறைத்தார் என்பதை வைத்து மலிவு என்று எண்ண வேண்டாம். 999,900 என்பது அவர் எழுதிய விலை. அதே சுற்றாடலில், அதே அகலத்தில், கடந்த 90 நாளில் விற்ற பழைய டவுன்ஹவுஸ்களின் பட்டியலை முகவரிடம் கேளுங்கள். விற்ற விலையோடு நிறுத்தாமல், விற்காமல் எடுத்துவிட்டு மறுபடி குறைந்த விலைக்குப் போட்டவற்றையும், வங்கி பறித்து விற்கும் வீடுகளையும் கேளுங்கள். சந்தை எங்கே போகிறது என்பதை அவைதான் முதலில் காட்டும். பிறகு உங்கள் செலவில் சுயாதீன மதிப்பீட்டாளர் ஒருவரை அனுப்புங்கள். சில நூறு டொலரில் முடியும்.

அண்ணா சொல்வது போலப் பொறுப்பதாக இருந்தால், இப்போது இருக்கும் வீட்டில் 2018 நவம்பர் 15-க்குப் பிறகுதான் முதன்முதலாக ஆள் குடியேறியதா என்று பாருங்கள். அப்படியானால் வருடாந்த வாடகை ஏற்றத்துக்கு மாகாண வரம்பு கிடையாது. பொறுப்பதன் விலையும் கூடலாம்.

கேள்வி: பில்டர் விலையில் கை வைக்க மறுக்கிறார். பதிலாக 40,000 டொலருக்குச் சலுகை தருகிறாராம்: சமையலறைச் சாதனங்கள், குளோசிங்கில் காசு திருப்பம், "டெக்கர் டொலர்" (உள் அலங்காரத்துக்குப் பில்டரிடமே செலவழிக்கும் சலுகைத் தொகை). விலைக் குறைப்பும் இதுவும் ஒன்றா?
– வாசகர், மில்டன்

பதில்: ஒன்றல்ல. பதிவாகும் விலை உயரமாக நிற்பது பில்டருக்கு வேண்டும். அவருக்குக் கடன் கொடுத்தவரும், ஏற்கெனவே அதே திட்டத்தில் வாங்கிவிட்டு மதிப்பீட்டுக்குக் காத்திருப்பவர்களும் அந்த விலையைத்தான் பார்ப்பார்கள். உங்களுக்கோ அந்தக் கூடுதல் விலைக்கு 2 வீத நிலமாற்று வரி, அதற்கு மேல் வருடக்கணக்கில் வட்டி. காசு திருப்பத்தை உங்கள் வங்கிக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொன்னதும் வங்கி அதைக் கழித்துத்தான் வீட்டை மதிக்கும். "வங்கிக்குச் சொல்லத் தேவையில்லை, தனிக் கடிதமாகத் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். அது மோட்கேஜ் மோசடி, கையொப்பம் உங்களுடையது.

விலை இறங்கவே இல்லை என்றால் காசுக்குச் சமமானவற்றைக் கேளுங்கள். முதலாவது, குளோசிங் செலவுக்கு உச்சவரம்பு. புது வீட்டு உத்தரவாதத்தைக் கவனிக்கும் மாகாண அமைப்பான டேரியனின் 'டேரியன் அடெண்டம்' என்ற இணைப்பு ஒவ்வொரு புதுவீட்டு ஒப்பந்தத்தோடும் வர வேண்டும். அதில் அட்டவணை 'பி'-யில் விலைக்கு மேல் பில்டர் கேட்கக்கூடிய அத்தனையும் இருக்கும்: அபிவிருத்திக் கட்டண உயர்வு, நீர் மின் மீட்டர் பொருத்தும் செலவு, டேரியன் பதிவுக் கட்டணம், மரம், வேலி, வாகனப்பாதைத் தார் என்று நீளும். முதற்பகுதியில் தொகை எழுதியிருக்கும். இரண்டாம் பகுதியில் தொகை "பின்னர் தீர்மானிக்கப்படும்". ஆபத்து இரண்டாம் பகுதியில். கட்டி முடித்த வீட்டுக்கு அவை ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். ஆகவே மொத்தம் இவ்வளவுக்கு மேல் இல்லை என்று ஓர் எண்ணை எழுதி வாங்குங்கள். இரண்டாவது, சாதனங்களைக் கடை விலைக்குக் கணக்கிடுங்கள், பில்டரின் விலைப்பட்டியலுக்கு அல்ல.

எச்.எஸ்.ரி. என்ற விற்பனை வரியையும் (மத்திய 5 வீதம், மாகாண 8 வீதம்) இங்கேயே சொல்ல வேண்டும். பில்டரின் விலையில் பொதுவாக 13 வீத வரியும் அடங்கும். ஆனால் நீங்கள் அல்லது நெருங்கிய உறவினர் அதில் குடியிருப்பீர்கள் என்று எண்ணி, 24,000 டொலர் வரையான மாகாணக் கழிவைப் பில்டர் தன் பெயருக்கு எடுத்துக்கொண்டே அந்த விலையைப் போட்டிருப்பார். வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் அந்த 24,000-ஐக் குளோசிங் அன்று கட்டச் சொல்வார். ஒரு வருட வாடகை ஒப்பந்தத்தோடு நீங்கள் தனியாக விண்ணப்பித்துத்தான் திரும்பப் பெற வேண்டும். முதல் வீடு வாங்குபவருக்கு 1 மில்லியன் வரையான புதுவீட்டில் 5 வீத மத்திய வரி முழுவதையும், அதாவது 50,000 வரை, விடுவிப்பதாக மத்திய அரசு 2025-இல் அறிவித்தது. ஒன்ராறியோவும் அதே ஆண்டு ஒக்ரோபரில் தன் 8 வீதத்துக்கு இப்படியே அறிவித்தது. கையொப்பமிடும் நாளில் எது நடைமுறையில் இருக்கிறது என்பதைச் சட்டத்தரணி பார்ப்பார். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்தச் சலுகை யாருக்குப் போகிறது? "எல்லாக் கழிவுகளையும் விற்பவருக்கு ஒப்படைக்கிறேன்" என்ற வரி ஒப்பந்தத்தில் அனேகமாக இருக்கும். அதை மாற்றாமல் கையொப்பமிட்டால் உங்களுக்கு வர வேண்டிய பல்லாயிரம் டொலர் பில்டருக்குப் போகலாம்.

கேள்வி: வீடு "ஃப்ரீஹோல்ட்" என்கிறார்கள், ஆனாலும் மாதம் 165 டொலர் கட்டணம் உண்டாம். எப்படி?
– வாசகர், பிக்கரிங்

பதில்: வீடும் அதன் கீழ் நிலமும் உங்கள் சொந்தம். வீட்டுக்கு வரும் தெருவும், விருந்தினர் வாகனத் தரிப்பிடமும், சில இடங்களில் நிலத்தடிக் குழாய்களும் நகரசபைக்கு உரியவை அல்ல. எல்லா வீட்டாரும் கூட்டாக வைத்திருக்கும் ஒரு கொண்டோ கூட்டுத்தாபனத்துக்கு உரியவை. இப்படிப்பட்ட வீட்டைப் 'பொட்டில்' என்பார்கள். வீட்டை விற்கும்போது அந்தப் பங்கும் சேர்ந்தே போகும், பிரிக்க முடியாது. பனி அள்ளுவது, குப்பை, தெருவிளக்கு, ஒருநாள் தெருவைத் திரும்பத் தார் போடுவது எல்லாம் இந்தக் கட்டணத்தில்தான்.

முதல் வருடக் கட்டணத்தை நம்ப வேண்டாம். விற்பனைக்காகக் குறைத்தே போடுவார்கள். முதல் வருட வரவுசெலவில் துண்டு விழுந்தால் சட்டப்படி பில்டர்தான் ஈடுசெய்ய வேண்டும், இரண்டாம் வருடத்தில் இருந்து வீட்டாரின் தலையில். எதிர்காலப் பெரிய திருத்தங்களுக்கு எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று பார்க்கும் சேமநிதி ஆய்வு முடிந்ததும் இன்னொரு ஏற்றம் வரும். 165-ஐ 250 ஆக எண்ணிக் கணக்குப் பாருங்கள். அப்போதும் முடிகிறதா என்று பாருங்கள்.

முதுகோடு முதுகாக ஒட்டிக் கட்டும் வரிசை வீடுகளுக்கு இன்னொரு குறை உண்டு. மூன்று பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர், யன்னல் முன்பக்கம் மட்டும், பின்வளவு கிடையாது. இறங்கும் சந்தையில் இவைதான் முதலில் தேங்கும். விலை வித்தியாசம் மிகப் பெரிதாக இல்லாவிட்டால் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

கேள்வி: பில்டர் முறிந்துவிட்டால் எங்கள் டெப்பொசிட் என்னாகும்?
– வாசகி, ஒஷாவா

பதில்: ஃப்ரீஹோல்ட் வீட்டுக்கு 600,000 வரை என்றால் 60,000 வரையும், அதற்கு மேல் என்றால் விலையின் 10 வீதம், கூடியது 100,000 வரையும் டேரியன் ஈடுசெய்யும். அதற்கு மேல் ஒரு சதம்கூடக் கட்ட வேண்டாம். பில்டர் நீதிமன்றப் பொறுப்பாளர் கையில் போனால் உங்கள் ஒப்பந்தத்தையே ரத்துச் செய்ய நீதிமன்றம் அனுமதிக்கலாம். டெப்பொசிட் திரும்பினாலும் வீடு கிடைக்காமல் போகும்.

கையொப்பமிடுமுன் எச்.சி.ஆர்.ஏ. என்ற உரிம அமைப்பின் பில்டர் பதிவேட்டில் பெயரைத் தேடுங்கள். உரிமம் இருக்கிறதா, முன்பு எத்தனை வீடு கட்டினார், குற்றச்சாட்டோ நிபந்தனையோ உண்டா என்று அங்கே தெரியும். பெரிய பெயருக்குக் கீழே ஒவ்வொரு திட்டத்துக்கும் ஓர் இலக்கக் கம்பனி (பெயருக்குப் பதில் எண் கொண்ட கம்பனி) திறப்பார்கள். ஒப்பந்தத்தில் இருக்கும் அந்தக் கம்பனியின் பெயரைத்தான் தேட வேண்டும்.

விலை இறங்கும்போது, இரண்டு வருடம் கழித்து முடியப்போகும் வீட்டை இன்றைய விலைக்கு எழுதாதீர்கள். விலை ஏறும் என்றால்தான் அந்த வியாபாரத்தில் உங்களுக்கு இலாபம். இறங்கினால் முழு நட்டமும் உங்களுடையது. கட்டி முடித்து, 60 நாளில் சாவி தரும் வீட்டை மட்டும் பாருங்கள். கடன் உறுதி, வீட்டுப் பரிசோதனை, சட்டத்தரணி பார்வை மூன்றையும் நிபந்தனையாகப் போடுங்கள். 2021-இல் சிரித்திருப்பார்கள், இன்று பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

கேள்வி: 2022 தொடக்கத்தில் 1,150,000-க்கு டவுன்ஹவுஸ் எழுதினோம். 115,000 கட்டியாகிவிட்டது. மூன்று மாதத்தில் குளோசிங். வங்கி 900,000 என்றுதான் மதிக்கிறது. டெப்பொசிட்டை விட்டுவிட்டுப் போய்விடலாமா?
– வாசகர், பிரம்டன்

பதில்: டெப்பொசிட்டோடு கதை முடிந்துவிடும் என்பது எங்கள் ஆட்களிடையே பரவியிருக்கும் மிக ஆபத்தான நம்பிக்கை. நீங்கள் குளோஸ் பண்ணாவிட்டால் பில்டர் வீட்டை வேறு ஒருவருக்கு விற்பார். 900,000-க்கு விற்றால் குறைவு 250,000. உங்கள் 115,000-ஐக் கழித்துவிட்டு மீதி 135,000-க்கும், அதுவரையான வட்டிக்கும், வரிக்கும், இரண்டாம் தரகுக்கும், சட்டச் செலவுக்கும் உங்கள் மேல் வழக்குப் போடுவார். 2017-இல் விலை விழுந்தபோது குளோஸ் பண்ணாதவர்கள் மேல் வந்த வழக்குகளில் ஒன்ராறியோ நீதிமன்றங்கள் பணத்தைக் கட்டவே தீர்ப்பளித்தன. சந்தை விழுந்தது, வங்கி கடன் தரவில்லை என்பவை காரணமாக ஏற்கப்படவில்லை.

எண்ணைப் பாருங்கள். 900,000 பெறுமதியான வீட்டை 1,150,000-க்கு எடுத்தால் நட்டம் 250,000. எடுக்காவிட்டாலும் 115,000 உடன் 135,000, அதே 250,000, அதற்கு மேல் வழக்குச் செலவு, கையில் வீடும் இல்லை. நட்டம் ஏற்கெனவே நடந்துவிட்டது. இப்போது பிரச்சினை காசு புரட்டுவது.

20 வீதம் போடும் சாதாரணக் கடனில் வங்கி 900,000-இன் 80 வீதமான 720,000 தரும். டெப்பொசிட் போக நீங்கள் தேட வேண்டியது 315,000. 1,150,000-க்கே மதித்திருந்தால் 115,000 போதுமாக இருந்திருக்கும். காப்புறுதி மோட்கேஜ் பற்றி உங்களிடம் யாரும் சொன்னார்களா? 2024 டிசம்பர் 15 முதல் 1.5 மில்லியன் வரையான வீட்டுக்கு அது கிடைக்கும். முதல் 500,000-க்கு 5 வீதம், மீதிக்கு 10 வீதம் கட்டினால் போதும். 900,000 மதிப்புக்கு அது 65,000. கடன் 835,000. அப்போது தேட வேண்டியது 315,000 அல்ல, 200,000. பிரீமியம் 4 வீதம், 33,400, கடனில் சேரும். புது வீடு என்பதால் 30 வருடத்துக்கும் நீட்டலாம், அதற்குப் பிரீமியம் 0.2 வீதம் கூடும். நிபந்தனை: நீங்களே குடியிருக்க வேண்டும், உங்கள் வட்டியை விட 2 வீதம் கூட்டி, குறைந்தது 5.25 வீதத்தில், வருமானம் தாங்க வேண்டும்.

அடுத்து, அந்தத் திட்டத்துக்கு எந்த வங்கி மொத்த மதிப்பீடு செய்திருக்கிறது என்று பில்டரின் விற்பனை அலுவலகத்தில் கேளுங்கள். சில வங்கிகள் திட்டம் முழுவதையும் முன்பே மதித்து, ஒப்பந்த விலைக்கே கடன் கொடுக்கும். பில்டரே 10 வீதம் அளவில் இரண்டாம் மோட்கேஜ் தருவாரா என்று சட்டத்தரணி மூலம் எழுதுங்கள். முதல் வங்கி அதற்குச் சம்மதிக்க வேண்டும். விலைக் குறைப்பும் கேளுங்கள். உங்களைப் போல இருபது பேர் அதே தெருவில் தடுமாறினால் பில்டரும் இருபது வழக்கை விரும்ப மாட்டார். குளோசிங் தேதியை நீட்டினால் அதற்கும் வட்டி கேட்பார்கள். எழுத்தில் வாங்காத நீட்டிப்பு நீட்டிப்பே அல்ல. பெற்றோரை உரிமைப் பத்திரத்தில் சேர்க்குமுன் பில்டரின் சம்மதமும், அவர்களுடைய வீடு வரி நிலைமையும் பார்க்க வேண்டும். தனியார் கடன் கடைசி வழி. ஒரு வருடத்தில் எப்படி வெளியே வருவீர்கள் என்று தாளில் எழுத முடியாவிட்டால் தொடாதீர்கள்.

எதுவும் சரிவராது என்று தெரிந்தால், குளோசிங் தேதிக்கு முன்பே உரிமம் பெற்ற கடன்தீர்வு அறங்காவலரைப் பாருங்கள். வழக்கு வந்த பிறகு போனால் வழிகள் குறைந்துவிடும். குடியிருக்கும் வீட்டை ஈடுவைத்துத் தனியார் கடன் எடுத்த பிறகு போனால் அந்த வீடும் சிக்கிவிடும்.

கேள்வி: இப்படி மாட்டிக்கொண்டவர் ஒருவர் தன் ஒப்பந்தத்தை 150,000 நட்டத்துக்கு எனக்கு மாற்றித் தருகிறேன் என்கிறார். எடுக்கலாமா?
– வாசகர், ஸ்காபரோ

பதில்: அவருடைய நட்டம் உங்களுக்கு மலிவு என்று பொருளல்ல. ஒப்பந்த விலையில் அந்த 150,000-ஐக் கழித்துப் பாருங்கள். பக்கத்தில் பில்டரே விற்கும் வீட்டை விட அது குறைவாக இல்லாவிட்டால் இந்தச் சிக்கல் தேவையில்லை. ஒப்பந்த மாற்றத்தில் பில்டரின் எழுத்துச் சம்மதம் வேண்டும், கட்டணமும் கேட்பார். அட்டவணை 'பி'-யில் இருக்கும் குளோசிங் செலவு எல்லாம் உங்கள் தலையில் விழும். 2022 மே 7 முதல் ஒப்பந்த மாற்றத் தொகைக்கும் எச்.எஸ்.ரி. உண்டு. அவர் கட்டிய டெப்பொசிட்டைத் திருப்பிக் கொடுப்பதற்கு மட்டும் இல்லை. டெப்பொசிட் தொகை தனி வரியாக எழுதப்பட வேண்டும். முதல் வீட்டு வரிச் சலுகைக்கு மூல ஒப்பந்தத்தின் தேதியைத்தான் பார்ப்பார்கள். 2022-இல் எழுதிய ஒப்பந்தத்தை இன்று நீங்கள் எடுத்தாலும் அது கிடைக்காது. இந்த ஒரு விஷயமே 150,000-இல் பெரும் பங்கைத் தின்றுவிடக்கூடும்.

கேள்வி: புது வீட்டுக்குப் பரிசோதகர் எதற்கு? ஒன்றரை வருடமாகப் பூட்டிக் கிடக்கும் வீட்டில் எதைப் பார்ப்பது?
– வாசகி, விட்பி

பதில்: பூட்டிக் கிடந்த வீட்டுக்குத்தான் கட்டாயம் வேண்டும். உள்ளே போனதும் மூக்கைப் பாவியுங்கள். சாக்கடை வாசம் வந்தால் தரைவடிகால்களில் தண்ணீர் வற்றியிருக்கும். ஒரு வாளி ஊற்றினால் அடங்க வேண்டும், அடங்காவிட்டால் குழாயில் பிழை. குளிர்காலத்தில் சூடு போட்டு வைத்திருந்தார்களா என்று கேளுங்கள். மேல்மாடிக் குளியலறைகளில் பதினைந்து நிமிடம் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கீழே வந்து கூரையைப் பாருங்கள். உறைந்து வெடித்த மூட்டு அப்போதுதான் காட்டிக்கொடுக்கும்.

வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் வடிகட்டியை இழுத்துப் பாருங்கள். ஜிப்சம் பலகை தேய்க்கும்போது ஃபர்னஸை ஓடவிட்டிருந்தால் வடிகட்டியில் வெள்ளை மா அப்பியிருக்கும். அதே மா விசிறியிலும் குழாய்களிலும் இருக்கும். சாவி தருமுன் குழாய் சுத்திகரிப்பைப் பில்டர் செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். வெளிக்காற்றை மாற்றும் எச்.ஆர்.வி. பெட்டியின் வலையும் அப்படியே அடைத்திருக்கும். வெளியே காற்று உள்ளிழுக்கும் துவாரத்தையும் பாருங்கள்.

பரணுக்குள் பரிசோதகர் தலையை விட வேண்டும். காப்புப் பஞ்சு ஆர்-60 அளவுக்குச் சமமாக இருக்கிறதா, பக்கத்து வீட்டோடு பகிரும் தீத்தடுப்புச் சுவர் கூரைப் பலகை வரை இடைவெளி இல்லாமல் போகிறதா என்று பார்ப்பார். டவுன்ஹவுஸில் இந்தச் சுவர் உயிர்காக்கும் விஷயம். சத்தத்தைச் சோதிக்க ஒருவரைப் பக்கத்து வீட்டுப் படியில் ஏறி இறங்கச் சொல்லிவிட்டு நீங்கள் படுக்கையறையில் நில்லுங்கள். படிக்கட்டைப் பொதுச்சுவரில் பொருத்தியிருந்தால் ஒவ்வொரு அடியும் கேட்கும். அது பிறகு திருத்த முடியாதது.

வெளியே, அத்திவாரத்தில் இருந்து மூன்று மீற்றருக்குள் நிலம் 15 சென்றிமீற்றராவது சரிய வேண்டும். செங்கல்லின் அடிவரிசையில் விட்ட நீர்த்துளைகள் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். மண் மூடினால் சுவருக்குள் ஈரம் நிற்கும். பேஸ்மென்ட் சுவரில் மேலிருந்து கீழாக மயிர் போன்ற வெடிப்பு சாதாரணம், ஈரக்கறையோடு இருந்தால் சாதாரணம் அல்ல. சுடுநீர்க் கருவி வாடகையா சொந்தமா என்றும் கேளுங்கள். வாடகை என்றால் பத்து வருடத்துக்கு மேல் மாதாமாதம் போகும், இடையில் வாங்க ஒரு பெருந்தொகை கேட்பார்கள்.

டேரியன் உத்தரவாதம் நீங்கள் வீட்டைப் பொறுப்பேற்கும் நாளில் தொடங்கும். வீடு காலியாகக் கிடந்த காலம் குறையாது. ஆனால் முன்பு யாராவது குடியிருந்தால் அன்றே தொடங்கியிருக்கும். வேலைப்பாட்டுக் குறைகளுக்கு ஒரு வருடம், நீர் ஊடுருவல், மின்சாரம், குழாய், சூடாக்கிக்கு இரண்டு வருடம், பெரிய கட்டமைப்புக் குறைக்கு ஏழு வருடம். பொறுப்பேற்றதும் முதல் படிவத்தையும், முதல் வருடம் முடியுமுன் வருட இறுதிப் படிவத்தையும், டேரியன் தரும் காலக்கெடுவுக்குள் தவறாமல் அனுப்புங்கள். பில்டரின் சேவைப் பிரிவுக்கு மின்னஞ்சல் போட்டேன் என்பது டேரியனிடம் முறையிட்டதாக ஆகாது. குளிர்காலம் ஒன்று கழிந்ததும் மரம் காய்ந்து ஆணித்தலைகள் வெளியே தள்ளும், கூரையும் சுவரும் சேரும் மூலையில் வெடிக்கும். அதை வருட இறுதிப் படிவத்தில் சேருங்கள். அதற்கு முன் பூச்சு அடிக்க விடாதீர்கள்.

கேள்வி: விற்பனை அலுவலகத்தில் சொத்து வரி வருடம் 1,100 டொலர் என்று பழைய பில்லைக் காட்டினார்கள். உண்மையா?
– வாசகர், மார்க்கம்

பதில்: அது வெறும் காணிக்கு வந்த வரி. நீங்கள் குடியேறிய பிறகு மாகாண மதிப்பீட்டு நிறுவனமான எம்பாக் வீட்டையும் சேர்த்து மதிக்கும், நகரசபை துணை வரிப் பில் அனுப்பும். விடுபட்ட வரியை அந்த வருடத்துக்கும் அதற்கு முந்திய இரண்டு வருடத்துக்கும் கேட்க முடியும். அதே தெருவில் இரண்டு மூன்று வருடமாகக் குடியிருக்கும் ஒருவரின் முழுப் பில்லைக் கேட்டுப் பாருங்கள். மதிப்பீடு இன்னும் 2016 ஜனவரி 1 விலையை வைத்தே போவதால், சந்தை விலை இறங்கியது இந்தப் பில்லைக் குறைக்காது. குடியேறிய மாதத்தில் இருந்தே மாதம் 500 டொலரைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள், பில் ஒன்றரை வருடம் கழித்து மொத்தமாக வரக்கூடும்.